அப்பா வைத்த குளிர்

ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாரா வாரம் நீங்கள் போனில் அம்மாவிடம் பேசுகிறீர்கள். அம்மா போனை என் பக்கம் நீட்டினால் "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று இரண்டே வரியில் முடித்துக்கொண்டு நழுவிவிடுகிறேன். அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அம்மாவுக்கு வந்தது. "ஒரே வீட்ல இருந்தப்ப அப்பனும் பொண்ணும் நாள் முழுக்க நாலு வார்த்தை பேச மாட்டீங்க. இப்ப ஸ்டாம்பு ஒட்டிப் பேசப் போறீங்களாக்கும்" என்றாள். வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்கு இதைப் படிப்பது தொந்தரவுதான். ஆனால் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் பக்கம் மெஷின் இரைச்சல் வேறு.

போன தடவை வந்தபோது சோப்புக் கட்டிகளை ஒரு வழவழப்பான தாளில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். நான் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. சுருக்கத்தை நீவிப் படித்தேன். நீங்கள் ஏசி பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில் இருக்கும் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம் அது. நெட்வொர்க் ரூட்டிங் படிப்பு. நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த முதல் ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தைத்த தலையணை உறைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். என் பழைய கல்லூரியிலேயே அந்தப் படிப்பை நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டேன். தாளில் இன்னும் சோப்பு வாசனை போகவில்லை.

ரூட்டர் என்பது ஒரு பெட்டி, அப்பா. வருகிற தகவலைப் பார்த்து, இது இந்த வழியாகப் போகட்டும், அது அந்த வழியாகப் போகட்டும் என்று பிரித்து அனுப்பும். அதைப் பழகுவதற்கு நிஜமான பெட்டிகள் வேண்டும். அவை எங்கள் கல்லூரியில் இல்லை. உங்கள் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருக்கின்றன. புதன்கிழமை மூன்று மணிக்கு நான் இங்கே கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் அங்கே இருக்கும் பெட்டி கேட்டு நடக்கிறது.

இதில் எனக்குத் தூக்கம் வராமல் செய்த ஒரு சங்கதி உண்டு. நான் ஒரு எழுத்தை அழுத்தினால் அது நேராக என் திரைக்கு வருவதில்லை. அங்கே போய், அந்தப் பெட்டி அதை வாங்கித் திருப்பிச் சொன்ன பிறகுதான் இங்கே தெரிகிறது. அரை மூச்சு தாமதம். அந்த அரை மூச்சில் என் எழுத்து நீங்கள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு எழுத்தும்.

ஏசி பார்க்கும் நீங்கள் அந்த அறைக்குள் போயிருப்பீர்கள். அது எப்படி இருக்கும்? ஜன்னல் உண்டா? எனக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் ஒரு வாயை இங்கிருந்தே மூடலாம், திறக்கலாம். மூடினால் அதற்கு மேலுள்ள சின்னப் பச்சை விளக்கு அணைந்துவிடுமாம். நீங்கள் அங்கே இருக்கும் நேரமாகப் பார்த்து நான் அதை மூன்று தடவை அணைத்துப் போட்டால், நான்தான் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? எங்களுடையது இடது பக்கத்திலிருந்து நான்காவது அடுக்கு.

வேலைக்கு இடைஞ்சல் என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்


ஜூன் 16

என் ஊமைக்கோட்டானுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதலில் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்து, பிரிக்காமல் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். வாட்ச்மேன்தான் "பொண்ணு எழுதினதுன்னா நல்ல சேதியாத்தான் இருக்கும், பிரிண்ணே" என்றான். பிரித்தால் இத்தனை பக்கம். பேச்சையெல்லாம் உள்ளுக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தாயா?

நீ கேட்ட ரூம் எனக்குத் தெரியாததா. தினமும் போய் வருகிற ரூம்தானே. நான் வைத்த குளிரில்தான் அந்தப் பெட்டியெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் இல்லை. உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் விளக்காக இருக்கும். அதற்குள் போக எல்லாரையும் விட மாட்டார்கள். கார்டு வேண்டும். என்னை விடுவார்கள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அங்கே இருப்பேன். நீ அணைத்துப் போடு. நான் பார்க்கிறேன். இடைஞ்சல் கிடைஞ்சல் என்று எழுதாதே.

நீ படிக்கிறதை எல்லாரிடமும் சொன்னேன். ரூட்டர் என்றால் என்ன என்று டீ கொண்டுவருகிறவர் கேட்டார். தபால்காரரைப் பெட்டிக்குள் போட்டு மூடினது மாதிரி என்றேன். சரியா?

அம்மாவைச் சாயங்காலத்தில் வெளிச்சம் இல்லாமல் தைக்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

உன் அப்பா


ஜூன் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

சரிதான். தபால்காரரைப் பெட்டிக்குள் போட்டது மாதிரியேதான். எங்கள் பயிற்சியாளர் ஒரு வாரமாகச் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அவரிடம் இதைச் சொல்லலாம் என்று எழுந்து பக்கம் வரை போனேன். அவர் "என்னம்மா?" என்று திரும்பியதும் "ஒண்ணுமில்ல சார்" என்று வந்துவிட்டேன்.

நேற்று மூன்று மணிக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். மின்விசிறி சுற்ற, எல்லோர் முகத்திலும் திரையின் வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. வாயை மூடு என்று எழுதினேன். அரை மூச்சு. மூடிவிட்டேன் என்று பெட்டி சொன்னது. நீங்கள் இருட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். திற என்றேன். திறந்தது. அப்படி மூன்று தடவை. என் பின்னால் பயிற்சியாளர் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. "மூடி மூடித் திறக்கிறியே, அது என்ன உங்க வீட்டு பீரோவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வழக்கம்போல் காது சூடாகிவிட்டது. ஆனால் நேற்று அழுகை வரவில்லை.

பார்த்தீர்களா?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பெட்டியிடம் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. அது தன் மூக்கு வழியாக உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும். நேற்று இருபத்திரண்டு டிகிரி. அது நீங்கள் வைத்த குளிர். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். பாடத்தில் அதைக் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும் இனி ஒவ்வொரு புதனும் கேட்பேன்.

அம்மா இப்போதும் இருட்டில்தான் தைக்கிறாள். "வெளிச்சத்தை அவர் வந்து புடிக்கட்டும்" என்கிறாள்.

உங்கள் மகள்


ஜூலை 7

என் ஊமைக்கோட்டானுக்கு,

பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா. மூன்று மணிக்கு முன்பே போய் நின்றுவிட்டேன். இடது பக்கம் நாலாவது அடுக்கு. எலுமிச்சம்பழம் அளவில் பச்சை விளக்கு. பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது குப்பென்று அணைந்தது. திரும்ப வந்தது. மூன்று தடவை. பக்கத்தில் நின்ற பெரிய இன்ஜினியர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்கள். ஒன்றுமில்லை, என் பொண்ணுதான் என்றேன். அவர்களும் சிரித்தார்கள்.

உன் சாருக்கு என்ன தெரியும். பீரோ என்றால் பீரோதான். நீ மூடித் திற.

இருபத்திரண்டு என்று நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போய் என் மீட்டரைப் பார்த்தேன். அதிலும் இருபத்திரண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து நீ பார்ப்பதும் இங்கே நான் பார்ப்பதும் ஒன்றாக இருக்கிறது. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோப்பு தீர்ந்திருக்கும். அடுத்த தடவை வேறு தாளில் சுற்றிக் கொண்டுவருகிறேன். அதிலும் ஏதாவது படிப்பு இருந்தால் அதையும் படித்துவிடு.

உன் அப்பா


ஜூலை 17

அன்புள்ள அப்பாவுக்கு,

எலுமிச்சம்பழம் என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உங்கப்பாவுக்கு எதையுமே பெருசாப் பாக்கத்தான் தெரியும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டுப் பூனையை நாய்னு சொன்ன மனுஷன்" என்றாள். சொல்லிவிட்டு அன்று முழுக்கத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் நேரம் முடிந்ததும் பெட்டியில் நாங்கள் செய்ததையெல்லாம் துடைத்துவிடுவார்கள். அடுத்து வருபவருக்கு அது ஒன்றும் தெரியாத பெட்டியாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புதனும் அதற்கு நான் யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து இறங்கும்போதும் எனக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாள்தான் உங்களைப் பார்த்துப் பேச வாய் வரும். ஐந்தாம் நாள் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கு "நான் இருக்கிறேன்" என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு சேதி ஒன்றும் இருக்காது. இருக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சத்தம் நின்றுபோனால் மற்றது சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் இனி வழியில்லை என்று எழுதிவைத்துவிடும். நீங்கள் வாரா வாரம் அம்மாவிடம் பேசும் பேச்சும் இப்படித்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. அதில் ஒன்றுமே இல்லை என்று முன்பெல்லாம் நினைப்பேன்.

போன வாரம் ஒரு கனவு வந்தது. அந்த அறைக்குள் நான் நடக்கிறேன். தரையெல்லாம் சில்லென்று ஈரம். இரண்டு பக்கமும் பச்சை விளக்குகள், பழுத்துத் தொங்குகிற மாதிரி. கடைசியில் நீங்கள் எனக்கு முதுகு காட்டி நின்று ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிட வாயைத் திறக்கிறேன். அரை மூச்சு தாமதமாகிறது. அதற்குள் விழித்துக்கொண்டேன்.

இப்போது நல்ல செய்தி. செப்டம்பர் 17, புதன்கிழமை, எங்களுக்கு இறுதிச் செய்முறைத் தேர்வு. தேர்ச்சி பெற்றால் அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். தேர்வில் கேபிள்களையும் எங்கள் கையாலேயே செருக வேண்டும் என்பதால் எல்லோரையும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? அந்த அறையில்தான். உங்கள் இரண்டாவது மாடியில். நான் வருகிறேன், அப்பா. நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்று எனக்குக் காட்ட வேண்டும். அந்த இன்ஜினியர்களிடம் இவள்தான் என்று சொல்லுங்கள். நான் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மகள்


ஜூலை 28

மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேர்வு என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

ஆனால் நன்றாக யோசித்துக்கொள். ரயிலில் ஒன்றரை நாள். நீ தனியாக எங்கேயும் போனதில்லை. எல்லாவற்றையும் அங்கிருந்தே செய்யலாம் என்றுதானே எழுதினாய். தேர்வை மட்டும் ஏன் இங்கே வந்து எழுத வேண்டும்? உன் சாரிடம் கேட்டுப்பார். கேபிளை இங்கே வேறு யாராவது செருகிக் கொடுக்கலாம்.

அந்த வாரம் நான் இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு விசேஷம், வெளியூரில். லீவு சொல்லியாகிவிட்டது. வேறு ஒரு சமயம் நானே உன்னைக் கூட்டி வந்து காட்டுகிறேன். பெரிய ஆட்கள் வந்து போகிற இடம். சும்மா நின்று வேடிக்கை பார்க்கிற இடமில்லை.

23ஆம் தேதியும் விளக்கைப் பார்த்தேன். மூன்று தடவை. நன்றாகத் தெரிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஆகஸ்ட் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. விசேஷம் யாருடையது என்று அம்மா கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது.

சாரிடம் கேட்டேன். நானாகப் போய்க் கேட்டேன். நேரில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னோடு படிக்கும் ஒரு தோழியின் அத்தை வீடு அங்கே இருக்கிறது. அவளோடு வந்து அங்கேயே தங்கிக்கொள்கிறேன். உங்களுக்குச் சிரமம் வராது. கட்டடத்துக்குள் வந்தால் யாருடைய மகள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். வழக்கம்போல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வந்துவிடுவேன். அது எனக்கு நன்றாக வரும்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரூட்டிங் என்றால் என்ன என்று தெரிந்தா நான் இதில் சேர்ந்தேன்? அந்தத் தாளில் நீங்கள் வேலை பார்க்கும் கட்டடத்தின் படம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதானதிலிருந்து நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. ஊர்ப் பேர் தெரியும், அவ்வளவுதான். பேரை வைத்துக்கொண்டு ஒருவர் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தப் படிப்பில் சேர்ந்தால் அந்தக் கட்டடத்துக்குள் எனக்கும் ஒரு வேலை இருக்கும் என்று நினைத்தேன். ஒரு விளக்கை அணைத்துப் போடும் அளவுக்காவது.

"அப்பாவுக்கு என்னால வெட்கமாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த மனுஷனுக்கா? உன் பட்டத்து போட்டோவைப் பர்சுல வெச்சு வெச்சு மூலை எல்லாம் பிஞ்சு போச்சுடி" என்றாள். பிறகு ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இருபத்திரண்டு டிகிரி, நேற்றும்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 18

என் செல்ல ஊமைக்கோட்டானுக்கு,

கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறது என்று பயப்படாதே. அப்பா சொல்லச் சொல்ல வாட்ச்மேன் எழுதுகிறான். கையில் லேசாகச் சூடு பட்டுவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

போன புதன்கிழமை கொஞ்சம் வேலை. உன் விளக்கைப் பார்க்க வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நீ அணைத்துப் போட்டிருப்பாய். பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு மூன்று தடவை படித்தேன். உன்னால் எனக்கு வெட்கமா? அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நீ நினைப்பது இல்லை, கண்ணு. காரணம் வேறு. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வருகிறது, நின்றுவிடுகிறது. நீ யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது.

நன்றாகப் படி. தேர்வை நன்றாகச் செய்.

உன் அப்பா

வணக்கம்மா. இது வாட்ச்மேன் எழுதுறது. அண்ணன் கைக்கு மருந்து போட எழுந்து போயிருக்காரு, அதுக்குள்ள ரெண்டு வரி. லேசான சூடெல்லாம் இல்லம்மா. போன புதன் மொட்டைமாடியில பெரிய ஏசி மெஷின் நின்னு போச்சு. ரெண்டாவது மாடியே வேகுதுன்னு உள்ள இருந்தவங்கல்லாம் வெளிய ஓடி வந்துட்டாங்க, கீழ ஒரே களேபரம். கம்பெனிக்காரங்க வர சாயங்காலம் ஆகும்னுட்டாங்க. அண்ணன் அந்தக் கொளுத்துற வெயில்ல மேல உக்காந்து பிரிச்சுப் போட்டு, ஃபேனை மாத்தி ஓட விட்டாரு. கொதிக்கிற செம்புக் குழாயில கை பட்டும் எறங்கி வரல. அண்ணனுக்கு மொட்டைமாடியில மட்டும்தாம்மா டூட்டி. மத்தவங்க ஒரு தடவையாவது நன்றி சொல்லணும்ல, யாரு அவ்ளோ தூரம் ஏறிப் போறாங்க?

வேற நாள்ல மொட்டைமாடியை விட்டு எறங்கவே மாட்டாரு. புதன்கிழமை மூணு மணிக்கு மட்டும் ரெண்டாவது மாடியில உங்க மெஷின் ரூம் கதவுக்கிட்ட வந்து நிப்பாரு. உள்ள போக அண்ணனுக்குக் கார்டு கிடையாது. கதவுல கண்ணாடியும் கிடையாது, வெறும் இரும்புக் கதவு. ஒரு அஞ்சு நிமிஷம் அதையே பாத்துட்டு நிப்பாரு. "என்னண்ணே பண்றீங்க"ன்னு கேட்டேன். "எம்பொண்ணு உள்ள வேலை பாக்குது, சத்தம் போடாத"ன்னாரு. நீங்க ஊர்லேர்ந்துதான வேலை பாக்குறீங்க? அண்ணன் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலம்மா. வராரு, மூடிடறேன்.


ஆகஸ்ட் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், அழவில்லை. "அதான் போன வாரம் போனை இடது கையில புடிச்சுப் பேசற மாதிரி இருந்துச்சு" என்றாள். போனில் அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உனக்குத் தெரியாது, போ" என்றாள். இந்தக் கடிதத்தோடு மெல்லிய துணியில் தைத்த ஒரு கையுறை வரும். மருந்து போட்ட பிறகு மாட்டிக்கொள்ள. ராத்திரி தைக்கவில்லை, நல்ல வெளிச்சத்தில்தான் தைத்தாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

உங்கள் வாட்ச்மேனைத் திட்டாதீர்கள். கடிதத்தின் அடியில் அவர் கொஞ்சம் எழுதியிருந்தார். நல்ல மனிதர். அவர் எழுதாவிட்டாலும் எனக்குப் பாதி தெரியும்.

எங்கள் சார் ஒருநாள் பழைய பெட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். முதல் தடவையாக ஒரு ரூட்டரைக் கையில் தொட்டேன். அதன் விளக்கு எள் அளவுதான் இருக்கிறது, அப்பா. நான் எல்லோருக்கும் பின்னால் நின்று, என் அப்பாவுக்கு இது எலுமிச்சம்பழம் அளவு தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. அம்மா சொன்ன பூனைதான் ஞாபகம் வந்தது. ஜூலை 23 அன்று எங்களுக்கு வகுப்பே இல்லை. பெட்டிகளை நிறுத்திச் சுத்தம் செய்யும் நாள். அன்றைக்கும் மூன்று தடவை பார்த்தேன் என்று நீங்கள் எழுதியபோது, வேறு யாரோ அணைத்துப் போட்டிருக்கிறார்கள், அப்பா அதை நான் என்று நினைத்துக்கொண்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

தப்பு என்மேல்தான். அந்த அறைக்குள் போயிருப்பீர்கள் என்று நானே எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? சாரிடம் எனக்குப் புரியாத பாடத்தை "புரிஞ்சுது சார்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நான் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் வராமல் போன அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு உட்கார்ந்ததும் வழக்கம்போல் வெப்பத்தைக் கேட்டேன். இருபத்தெட்டு என்றது. தவறாகப் படித்துவிட்டேன் என்று மறுபடி கேட்டேன். இருபத்தொன்பது. பிறகு முப்பது. சார் வந்து பார்த்துவிட்டு, "அங்க கூலிங் போயிடுச்சு. இன்னும் ஏறுனா பெட்டியெல்லாம் தானா நின்னுடும். எல்லாரும் முடிச்சுக்குங்க" என்றார். எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் போகவில்லை. பாடத்தையும் தொடவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று. அங்கே நின்றுகொண்டேயிருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது. அறையில் நான் மட்டும். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். என் கழுத்திலும் வியர்வை ஓடியது. அது என்னுடையதா, அங்கிருந்து வருவதா என்று தெரியவில்லை.

பிறகு முப்பத்திரண்டு என்றது.

மறுபடி கேட்டேன். முப்பத்தொன்று. முப்பது. யாரோ நெற்றியில் ஈரத்துணி வைத்தது போல ஒவ்வொரு டிகிரியாக இறங்கியது. அப்பா வந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன். கதவருகே நின்ற துப்புரவு அக்கா, "எங்க?" என்று திரும்பிப் பார்த்தாள். திரையைக் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது உங்கள் கை சுட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் என் விளக்கை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. உங்கள் வேலையை நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு புதனும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இருந்தவளுக்கு, அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே தெரிந்தது. உள்ளே விடும் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லாம் அன்றைக்கு வெளியே ஓடிவந்துவிட்டார்கள் அல்லவா. அறைக்குள் கடைசிவரை இருந்தது நீங்கள் அனுப்பிய காற்று மட்டும்தான்.

செப்டம்பர் 15 காலை ரயில் ஏறுகிறேன். தோழியின் அத்தை வீட்டில்தான் தங்கல். அம்மா என்னை அனுப்பச் சம்மதித்துவிட்டாள். சோப்பு வாங்கி வரச் சொன்னாள். உங்களுக்குப் புதுச் சட்டை தைத்து அனுப்பட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன்.

தேர்வு காலையில் ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும். வணக்கம் சொல்லப் பழகிவிட்டேன். கண்ணாடி முன்னால் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அதை அந்த இன்ஜினியர்களுக்காகப் பழகவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இவ்வளவும் எழுதியது இதைக் கேட்கத்தான். முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. அந்த விசேஷத்துக்குப் போகாதீர்கள். லீவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்காகச் சட்டையை மாற்றிக்கொள்ளாதீர்கள், மொட்டைமாடியிலிருந்து அப்படியே இறங்கி வாருங்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு அந்த இரும்புக் கதவுக்கு வெளியே, எப்போதும் நிற்கும் இடத்தில் நில்லுங்கள், அப்பா. இந்தத் தடவை நான் உள்ளேதான் இருப்பேன்.

உங்கள் மகள்
ஊமைக்கோட்டான்